குமரி மாவட்டத் தண்ணீர், சோடா ஆலைகளுக்கு: கன்வேயர் பிளாஸ்டிக் பாகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள பட்டறைகளுக்கு வரும் தண்ணீர், சோடா, பழரச ஆலைக்காரர்கள் பெரும்பாலும் தேய்ந்த துண்டு ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, "இதையே நல்ல பிளாஸ்டிக்கில் செய்து கொடுங்கள்" என்பார்கள். எங்கும் பொருந்தும் நல்ல பிளாஸ்டிக் என்று ஒன்று கிடையாது. ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பொருள், அதே கன்வேயரில் நான்கடி தள்ளிப் பொருத்தினால் ஒரு பருவம்கூடத் தாங்காது. அது எதன்மேல் உரசுகிறது, நனைகிறதா, எதைக் கொண்டு கழுவுகிறீர்கள், காற்றில் மணல் வருகிறதா என்பவைதான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ஆகவே கீழே உள்ள பதில்களில் எதிர்க்கேள்விகளும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்வேயரில் எந்தெந்தப் பாகங்கள் பிளாஸ்டிக்?

பாட்டில் நிற்கும் ஸ்லாட் செயின், அதன் அடியில் செயின் வழுக்கிச் செல்லும் வியர் ஸ்ட்ரிப், பாட்டில் சாயாமல் இருபுறமும் பிடிக்கும் கைடு ரெயில், செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட், கீழே திரும்பி வரும் செயினைத் தாங்கும் ரோலர். நிரப்பும் இயந்திரத்தின் வாயிலில் பாட்டில்களை இடைவெளிவிட்டு அனுப்பும் ஃபீட் ஸ்குரூவும் ஸ்டார் வீலும் உண்டு. கைடு ரெயிலைப் பிடிக்கும் கிளாம்பு, கைப்பிடித் திருகு, கன்வேயர் கால்களின் அடித்தட்டு போன்ற சில்லறைப் பாகங்களும் இந்தக் குடும்பம்தான்.

எந்தப் பாகத்துக்கு எந்தப் பிளாஸ்டிக் பொருந்தும்?

மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் பெரும்பகுதி வேலை முடியும்.

முதலாவது அசிட்டால். பட்டறைகளில் டெல்ரின் என்ற வணிகப் பெயரே வழக்கத்தில் இருக்கிறது. கடினமானது, அளவு மாறாதது, தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். பிளாஸ்டிக் ஸ்லாட் செயின்கள் பெரும்பாலும் இதில் வார்க்கப்படுபவை. ஸ்டார் வீல், துல்லியமான புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் உருளை வளையம்) ஆகியவற்றுக்கும் இதுவே முதல் தேர்வு.

இரண்டாவது யு.எச்.எம்.டபிள்யூ. என்று சுருக்கிச் சொல்லப்படும் மிகு மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன். பால் பாக்கெட்டின் உறையும் பாலிஎத்திலீன்தான். ஆனால் இதன் மூலக்கூறு எடை 30 லட்சத்துக்கு மேல் போகும். வழுக்கும், அடி தாங்கும், தண்ணீரைத் தொடவே தொடாது. வியர் ஸ்ட்ரிப்புக்கும் கைடு ரெயிலுக்கும் இதை மிஞ்ச ஆளில்லை. குறை ஒன்றுதான்: மென்மையானது. பளுவைத் தாங்கும் பற்களை இதில் வெட்டினால் நசுங்கிவிடும்.

மூன்றாவது நைலான். மூன்றிலும் முரட்டுத்தனமாக உழைப்பது இதுவே. உலர்ந்த இடத்தில் ஸ்ப்ராக்கெட், ரோலர் ஆகியவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். ஈரத்தில் என்ன செய்கிறது என்பது அடுத்த கேள்வி.

ரசாயனம் கடுமையாக இருக்கும் இடத்துக்குப் பாலிபுரோப்பிலீன் உண்டு. ஆனால் தேய்மானத்தில் மற்ற மூன்றோடு போட்டி போட அதனால் முடியாது.

மே மாதம் மாட்டிய நைலான் புஷ் ஆடி மாதம் இறுகிவிட்டது. பொருள் கலப்படமா?

இல்லை, அது நைலானின் பிறவிக் குணம். நைலான் 6 தண்ணீரில் முழுக்க ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரக் காற்றே போதும், 3 சதவீதம் வரை ஏறும். காஸ்ட் நைலான் இதைவிடச் சற்றுக் குறைவாகக் குடிக்கும், அவ்வளவுதான். தண்ணீர் ஏற ஏற உருவமும் பெருக்கும்: முழுக்க ஊறிய நைலானில் 100 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 2 மி.மீ. கூடும். ஹவுசிங்குக்குள் (புஷ் உட்காரும் உலோகக் கூடு) அழுத்தி மாட்டிய புஷ்ஷுக்கு வெளியே விரிய வழியில்லை. ஆகவே உள்ளே பெருத்து, ஷாஃப்டைக் கவ்விப் பிடிக்கிறது.

தடித்த துண்டுக்குள் ஈரம் இறங்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் மாட்டிய அன்று எல்லாம் சரியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. காற்று முழுக்கக் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். மதுரையில் ஓடும் ஒரு நைலான் புஷ்ஷின் அளவை அப்படியே எடுத்துக் குலசேகரத்தில் மாட்டினால் அதே அளவு இங்கே நிற்காது. நனையும் இடத்தில் அசிட்டாலுக்கு மாறுங்கள். நைலான்தான் வேண்டும் என்றால், இடைவெளியைக் கூட்டிக் கடையச் சொல்லுங்கள்.

மதிய வெயிலில் வியர் ஸ்ட்ரிப் பாம்புபோல நெளிந்து எழும்புகிறது. ஏன்?

இரண்டு முனையையும் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள்.

யு.எச்.எம்.டபிள்யூ. ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.2 மி.மீ. வரை விரியும். அடியில் இருக்கும் எஃகுச் சட்டம் விரிவது வெறும் 0.012 மி.மீ. தகரக் கூரை போட்ட கொட்டகையில் காலைக்கும் மதியத்துக்கும், உரசல் சூட்டையும் சேர்த்து, 20 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் ஸ்ட்ரிப் 12 மி.மீ. வரை நீளும், எஃகு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. மிச்ச நீளம் எங்கே போகும்? மேலே எழும்பும். அதில் செயின் இடிக்கும், பாட்டில் சாயும்.

செயின் வந்து நுழையும் முனையில் மட்டும் ஸ்ட்ரிப்பைக் கட்டுங்கள். அப்படிச் செய்தால் செயினின் இழுப்பு ஸ்ட்ரிப்பை நீட்டி வைத்திருக்கும், அமுக்கிக் கூட்டாது. மற்றப் போல்ட்டுகளுக்கு நீள் துளை வேண்டும். நீண்ட கன்வேயரில் ஸ்ட்ரிப்பைத் துண்டுகளாகப் போட்டு, இடையே இடைவெளி விடுங்கள். முனைகளை நேராக அல்லாமல் 45 டிகிரி சாய்வாக வெட்டினால் செயின் தடுக்காமல் கடக்கும். செயின் நுழையும் விளிம்பைச் சற்றுச் சரித்துவிடவும் வேண்டும். காலையில் குளிர்ந்த நேரத்தில் மாட்டினால் இடைவெளியைத் தாராளமாகவும், நடுப்பகலில் மாட்டினால் குறைவாகவும் விடுவது பழகிய மெக்கானிக்கின் கை.

ஆலை மணவாளக்குறிச்சிப் பக்கம் இருக்கிறது. செயின் சீக்கிரம் தேய்ந்துபோகிறது. மணல்தான் காரணமா?

பெரும்பாலும் ஆம். அந்தக் கடற்கரை மணல் சாதாரண மணல் அல்ல. இல்மனைட், சிர்கான், ரூட்டைல், மோனசைட் ஆகியவற்றோடு கார்னெட்டும் கலந்த கனிம மணல். அதற்காகவே அங்கே அரசு நிறுவனம் ஒன்று மணல் பிரிப்பு ஆலை நடத்துகிறது. கார்னெட் உப்புத்தாள் செய்யவும், வாட்டர்ஜெட்டில் எஃகை வெட்டவும் பயன்படும் பொருள். அது உங்கள் கன்வேயரில் விழுந்தால் தன் தொழிலைத்தான் செய்யும்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மணல் உராய்வைத் தாங்குவதில் யு.எச்.எம்.டபிள்யூ. பேர்பெற்றது, ஆகவே மணல் உள்ள இடத்தில் அதையே வியர் ஸ்ட்ரிப்பாகப் போடலாம் என்று நினைப்பார்கள். ஸ்ட்ரிப் தேயாமல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் மென்மையான அதன் மேற்பரப்பில் மணல் துகள் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு அந்த ஸ்ட்ரிப்பே உப்புத்தாளாகி, மேலே ஓடும் செயினை அரைக்கத் தொடங்கும். ஸ்ட்ரிப் புதிதுபோலவும் செயின் பாதியாகவும் இருந்தால் நோய் இதுதான். கண்ணாடி பாட்டில் உடையும் சோடா ஆலைகளிலும் கண்ணாடித் தூள் இதே வேலையைச் செய்கிறது.

மணலை உள்ளே விடாமல் தடுக்க முடியாத இடத்தில், துகள் பதியாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்ட்ரிப் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் செயின் ஓட்டுவது மேல். உராய்வு சற்றுக் கூடும். மோட்டார் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் கடல் பக்கத்துக் கதவை மூடுங்கள். சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் செயின் வாங்குவதைவிடக் கதவு மலிவு. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்து ஆலைகளுக்கும் காற்றுக் காலத்தில் இதே புத்தி பொருந்தும். அங்கே மணலுக்குப் பதில் புழுதி.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை துரு. சாதாரண எஃகு போல்ட்டிலிருந்து உதிரும் துருத்தூளும் தேய்க்கும் பொருள்தான். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட உப்புக் காற்றில் தேநீர்க் கறைபோல நிறம் மாறும். குளச்சல், முட்டம் போன்ற இடங்களுக்கு 316 கேட்டு வாங்குவது வீண் செலவு அல்ல.

செயினை எப்போது மாற்ற வேண்டும்? அறுந்த பிறகா?

அறுந்த பிறகு மாற்றினால் கூடவே ஸ்ப்ராக்கெட்டையும், விழுந்து நசுங்கிய பாட்டில்களையும், அன்றைய உற்பத்தியையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

வழக்கமான ஸ்லாட் செயினின் பிட்ச், அதாவது கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம்வரை உள்ள தூரம், 38.1 மி.மீ. புதிய செயினில் 20 கண்ணி 762 மி.மீ. இருக்கும். செயினை இழுத்துப் பிடித்து, பின்னின் மையத்திலிருந்து பின்னின் மையம்வரை அளந்து பாருங்கள். 3 சதவீதம் நீண்டுவிட்டால், அதாவது 785 மி.மீ.யைத் தொட்டால், மாற்றும் காலம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் நீண்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பின்னும் அது நுழையும் துளையும் தேய்ந்ததால் வரும் நீளம் இது. ஆகவே நீண்ட செயினில் இரண்டு கண்ணியைக் கழற்றிவிட்டுச் சேர்ப்பது சத்தத்தை நிறுத்தலாம், பிட்சைத் திருத்தாது. நீண்ட பிட்ச் ஸ்ப்ராக்கெட் பல்லின் நுனியில் ஏறி, பல்லைக் கொக்கிபோல வளைத்துவிடும். புதுச் செயினைப் பழைய கொக்கிப் பல்லில் மாட்டுவதும் காசைக் கடலில் போடுவதுதான்.

தட்டின் தடிமனையும் பாருங்கள். பாதியாகத் தேய்ந்திருந்தால், நீளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். தட்டு தேயும்போது பாட்டில் ஓடும் மட்டம் இறங்குகிறது. ஒரு கன்வேயரிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் காலி பெட் பாட்டில் விழத் தொடங்குவது அதன் முதல் அடையாளம்.

ஸ்ப்ராக்கெட்டில் ஏன் 21, 23, 25 என்று ஒற்றைப்படையில் பற்கள்?

இவ்வகைச் செயினின் கண்ணி ஒன்றுவிட்டு ஒரு பல்லில்தான் உட்காரும். பற்கள் ஒற்றைப்படையில் இருந்தால் அடுத்த சுற்றில் மற்றப் பற்கள் வேலைக்கு வரும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பங்காகிவிடும்.

செயினை நன்றாக இறுக்கி வைக்கலாமா?

வேண்டாம். வி-பெல்ட் பழக்கத்தில் டென்ஷன் போல்ட்டைத் திருகிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. ஸ்லாட் செயின் பற்களால் இழுக்கப்படுவது. இறுக்கம் அதற்குத் தேவையே இல்லை. ஸ்ப்ராக்கெட்டை விட்டு இறங்கியதும் செயின் அடிப்புறத்தில் சற்றுத் தொங்க வேண்டும், 50 மி.மீ.க்கு மேல் 125 மி.மீ.க்குள் தொங்கல் இருந்தால் போதும். இறுக்கினால் பின்னும் பேரிங்கும்தான் தேயும். செயின் தட்டின் அடியில் ஓடும் திசைக்கான அம்புக்குறி இருக்கும், அதையும் பார்த்து மாட்டுங்கள்.

வளைவில் மட்டும் ஸ்ட்ரிப் உருகியதுபோல ஆகிறது. நேர்ப் பகுதியில் ஒன்றும் இல்லை.

வளைவில் செயின் உள்பக்க ரெயிலை அழுத்திக்கொண்டு திரும்புகிறது. அந்த அழுத்தம் செயினின் இழுவிசையைப் பொறுத்தது; இழுவிசையோ வளைவில் கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். உராய்வுக் கெழு 0.2 என்றால், ஒரு 90 டிகிரி வளைவில் 100 கிலோ இழுவிசையோடு நுழையும் செயின் ஏறக்குறைய 137 கிலோவோடு வெளியே வரும். இரண்டு வளைவு என்றால் 187.

இதிலிருந்து ஒரு நல்ல விதி கிடைக்கிறது. வளைவு, மோட்டார் முனைக்கு அருகில் இருக்கக் கூடாது. செயின் சுமையில்லாமல் புறப்படும் வால் முனைக்கு அருகில் இருந்தால் பெருக்கப்படும் தொகையே சிறியது. ஆலையைப் புதிதாக அமைக்கும்போது இதைக் கவனித்துவிட்டால் பாதிப் பிரச்சினை பிறக்காது. இடநெருக்கடியால் வளைவு மோட்டார் பக்கமே வந்துவிட்டது என்றால், கன்வேயரை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி மோட்டார் போடுவதைப் பற்றி யோசியுங்கள்.

வேகமும் காரணம். யு.எச்.எம்.டபிள்யூ. 80 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது. உலர்ந்த வளைவில் வேகமாக ஓடும் செயின் அந்தச் சூட்டை எளிதில் உண்டாக்கிவிடும். அங்கே மட்டும் மசகு கலந்த ரகத்தைப் போடலாம், அல்லது சோப்புத் தண்ணீரைச் சொட்டவிடலாம்.

சோப்புத் தண்ணீருக்கு ஆர்.ஓ. கழிவு நீரைப் பயன்படுத்துகிறோம். தண்ணீர் வீணாகாமல் இருக்கிறதே?

தரையைக் கழுவுங்கள், கன்வேயருக்கு விடாதீர்கள். ஆர்.ஓ. விலக்கிய நீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் செறிந்திருக்கும். சோப்பு அவற்றோடு சேர்ந்து நுரைக்காமல் பிசுபிசுப்பான வெள்ளைக் கசடாகிச் செயினின் மடிப்புகளில் அடையும். சோடா, கோலா போன்ற வாயு ஏற்றிய பானங்களைப் பெட் பாட்டிலில் அடைப்பவர்களுக்கு இது மேலும் ஆபத்து. காரத்தன்மை மிகுந்த நீர், உள்ளே அழுத்தம் உள்ள பாட்டிலின் அடிப்பாகத்தில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கும். பாட்டில் உங்கள் ஆலையில் இருக்கும்போது வெடிக்காது. கடைக்காரரின் அலமாரியில் வைத்த பிறகு கசியும் அல்லது வெடிக்கும். பெட் பாட்டிலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட லூப்ரிகண்ட்டை மென்நீரில் கலந்து விடுங்கள்.

பிளீச்சிங் பவுடர் போட்டுக் கன்வேயரைக் கழுவலாமா?

குளோரினுக்கும் அசிட்டாலுக்கும் ஆகாது. தொடர்ந்து பட்டால் மேற்பரப்பு வெளுத்து மாவு உதிரும், பிறகு விரிசல் விடும். அமிலமும் அப்படியே, நைலானுக்கும் வலுவான அமிலம் ஆகாது. கிருமிநீக்கத்துக்குக் குளோரின்தான் வேண்டும் என்றால், நீர்த்த கரைசலைச் சொல்லிய நேரம் மட்டும் வைத்து, நல்ல தண்ணீரில் முழுக்க அலசிவிடுங்கள். இரவு முழுக்க ஊறவிட்டுப் போவதுதான் கெடுதல். யு.எச்.எம்.டபிள்யூ. இவை எதற்கும் பெரிதாக அசையாது. கொதிக்கும் தண்ணீரை எதன்மேலும் ஊற்றாதீர்கள்.

விற்பவர் யு.எச்.எம்.டபிள்யூ. என்கிறார். எப்படி நம்புவது?

நிறத்தை வைத்து நம்ப முடியாது. பச்சை, வெள்ளை, கறுப்பு எல்லாம் சாயம்தான். மறுசுழற்சிப் பொருளுக்கும் பச்சை பூச முடியும்.

ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். யு.எச்.எம்.டபிள்யூ. மிதக்கும், அதன் அடர்த்தி 0.93 முதல் 0.94 வரை. நைலான் 1.14, அசிட்டால் 1.41, இரண்டும் மூழ்கும். ஆனால் சாதாரண எச்.டி.பி.இ.யும் (அடர் பாலிஎத்திலீன்) மிதக்கும், ஏமாற்று நடப்பதும் அங்கேதான். சிறு சீவலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால் எச்.டி.பி.இ. உருகிச் சொட்டும். யு.எச்.எம்.டபிள்யூ. சொட்டாது, கண்ணாடிபோலத் தெளிந்து, உருவம் கலையாமல் கூழாக நிற்கும். அசிட்டாலை மட்டும் இப்படிச் சோதிக்க வேண்டாம். அதன் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, புகையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். பட்டறைக் குப்பையோடு அதன் சீவலை எரிப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

உள்ளூரிலேயே செய்துகொள்ளலாமா?

வியர் ஸ்ட்ரிப், புஷ், ரோலர், எளிய ஸ்டார் வீல் எல்லாம் நாகர்கோவில், மார்த்தாண்டம் பட்டறைகளில் தாராளமாகச் செய்யலாம். பிளாஸ்டிக் கடைபவருக்குக் கூர்மையான டூலும் பொறுமையும் வேண்டும். சூடாக இருக்கும்போது அளந்தால் ஆறிய பிறகு அளவு குறையும். கடைசல் இயந்திரத்தின் சக்கில் இறுக்கிப் பிடித்தால் கழற்றிய பிறகு வட்டம் கோணும். ஃபீட் ஸ்குரூ வேறு கதை. அதன் பிட்ச் சீராக இல்லாமல் கூடிக்கொண்டே போகும், அதற்கேற்ற இயந்திரம் வேண்டும். அதைக் கோயம்புத்தூருக்கு அனுப்புவதே நல்லது. ஸ்லாட் செயின் அச்சில் வார்ப்பது, கடைவதற்கு இல்லை.

முப்பரிமாண அச்சில் எடுத்த பாகங்கள்? கைடு கிளாம்பின் மாதிரி பார்க்க உதவும். அந்த அச்சில் வழக்கமாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி அருகிலேயே தளர்ந்துவிடும், ஓடும் பாகத்துக்கு ஆகாது.

2019 பிளாஸ்டிக் தடை இந்தப் பாகங்களைப் பாதிக்குமா?

இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருட்கள். தண்ணீர் பாக்கெட் அதில் அடங்கும், இயந்திர உதிரிபாகம் அடங்காது.

பராமரிப்புக்கு ஆலையை எப்போது நிறுத்துவது?

ஐப்பசியில். கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை மகரவிளக்குவரை ஐயப்ப பக்தர்களின் கூட்டம் கன்னியாகுமரியிலும் சுசீந்திரத்திலும் நிரம்பி வழியும். அப்போது அரை நாள் நிறுத்தினாலும் வியாபாரி வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார். இரண்டாவது வாய்ப்பு மாசி, கோடை விற்பனை தொடங்கும் முன்.

அந்தச் சமயத்துக்கு ஒரு பெட்டி செயின் (80 கண்ணி, 3048 மி.மீ.), சில பின்கள், வளைவுக்கான ஸ்ட்ரிப், ஒரு ஸ்ப்ராக்கெட் ஆகியவை கையில் இருக்க வேண்டும். வெயில் படாமல் வையுங்கள். கூரையோரம் சாய்த்து வைத்த வெள்ளை ஸ்ட்ரிப் வெயிலிலேயே வெளுத்து நொறுங்கும்.

மோட்டார் எடுக்கும் ஆம்பியரை வாரம் ஒருமுறை சுவரில் எழுதி வையுங்கள். அது மெல்ல ஏறினால், சத்தம் வருவதற்கு முன்பே எங்கோ உராய்வு கூடுகிறது என்று தெரிந்துவிடும்.

செயின் வேண்டும் என்று போனில் சொல்லும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

"தண்ணீர் பாட்டில் செயின்" என்றால் போதாது. தட்டின் அகலம் (82.5 மி.மீ. பரவலானது, ஆனால் அளந்து பாருங்கள்), பிட்ச், நேரா வளைவா, வளைவு என்றால் கண்ணியின் அடியில் பிடிமானக் கொம்பு இருக்கிறதா, காந்தத்தால் பிடிக்கும் ரகமா, கன்வேயரின் மொத்த நீளம் எவ்வளவு. தட்டின் அடிப்புறத்தைக் கழுவித் துடைத்து, அதில் பொறித்த எண் தெரியும்படி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். இருபது லிட்டர் கேன் ஓடும் கன்வேயர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதன் கணக்கு வேறு.